கெர்பரோஸ் டிக்கெட்: பாஸ்வேர்டா, கீடேப்பா, ஸ்மார்ட் கார்டா?

நெட்வொர்க்கில் வருபவர் யார் என்று உறுதிசெய்யும் நெறிமுறை கெர்பரோஸ். அது தரும் தற்காலிக அடையாளச் சீட்டுதான் டிக்கெட். கெர்பரோஸ் உள்ள நெட்வொர்க்கில் டெர்மினலிலிருந்து டிக்கெட் எடுப்பது ஒரு கட்டளை வேலை. கேஇனிட் என்று தட்டினால் பாஸ்வேர்ட் கேட்கும். சரியாகக் கொடுத்தால் டிக்கெட் வந்துவிடும். கேலிஸ்ட் என்று தட்டினால் அது எப்போது தீரும் என்று தெரியும். இதில் யோசித்துத் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது என்று தோன்றலாம். டிக்கெட் தீரும் நேரம் வரும்போதுதான் அது தெரியவரும். நள்ளிரவில் ஓடும் பேக்கப் ஸ்கிரிப்ட், மூன்று நாள் ஓடும் கணக்கீடு, எந்நேரமும் இன்னொரு சர்வரோடு பேசிக்கொண்டிருக்கும் சேவை, காலையில் லாகின் செய்து மாலையில் எழுந்து போகும் மனிதர் என்று எல்லாருக்கும் வேண்டியது ஒரே டிக்கெட்தான். ஆனால் அது தீரும்போது பாஸ்வேர்ட் தட்ட அங்கே ஆள் இருப்பாரா என்பது ஒவ்வொரு இடத்திலும் வேறு. எந்த வழி என்று முடிவு செய்யும் முன் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கச் சொல்வேன். அடுத்த கேள்வி, அந்த வழிக்காக டிஸ்கில் எதை வைக்கிறோம், அது திருடு போனால் எத்தனை நாளுக்குத் தலைவலி என்பது.

கொஞ்சம் அடிப்படை. 1983இல் எம்ஐடியில் தொடங்கிய அதீனா திட்டத்தில் உருவானது கெர்பரோஸ். இன்று நாம் பயன்படுத்தும் ஐந்தாம் பதிப்பு 1993இல் ஆர்எஃப்சி 1510 என்ற இணையத் தர ஆவணமாக வெளிவந்து, 2005இல் ஆர்எஃப்சி 4120 ஆகத் திருத்தப்பட்டது. விண்டோஸ் 2000 முதல், மைக்ரோசாஃப்டின் கணக்கு நிர்வாக அமைப்பான ஆக்டிவ் டைரக்டரிக்கும் அடித்தளம் இதுவே. நம் பாஸ்வேர்டிலிருந்து ஒரு சாவி உருவாகிறது. வழக்கமான அமைப்பில், அந்தச் சாவியால் இப்போதைய நேரத்தைப் பூட்டி, டிக்கெட் வழங்கும் சர்வரான கேடிசிக்கு அனுப்புகிறோம். அது நம்மை நம்பி டிஜிடி என்ற முதல் டிக்கெட்டைத் தருகிறது. ஃபைல் சர்வர், டேட்டாபேஸ் என்று மற்றதற்கெல்லாம் அந்த டிஜிடியைக் காட்டித் தனித்தனிச் சேவை டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம். பாஸ்வேர்ட் நெட்வொர்க்கில் பயணிப்பதே இல்லை. ஆக, இங்கே இரண்டு ரகசியங்கள் உண்டு: நீண்ட காலம் செல்லும் சாவி ஒன்று, சில மணி நேரம் மட்டும் செல்லும் டிக்கெட் ஒன்று. கீழே வரும் வழிகள் எல்லாம் அந்த நீண்ட காலச் சாவி எங்கே இருக்கிறது என்பதில்தான் பிரிகின்றன. ஒருவர் நினைவில் இருக்கலாம், ஒரு கோப்பில் இருக்கலாம், ஒரு கார்டுக்குள் இருக்கலாம்.

முதலில், கையால் பாஸ்வேர்ட் தட்டுவது. ஆள் உட்கார்ந்து வேலை செய்யும் மெஷினுக்கு இதை மிஞ்ச ஒன்றும் தேவையில்லை. டிஸ்கில் நீண்ட கால ரகசியம் எதுவும் தங்காது. திருட்டுப் போனால் போவது சில மணி நேர டிக்கெட் மட்டுமே. ஆக்டிவ் டைரக்டரியில் டிக்கெட்டின் ஆயுள் இயல்பாகப் பத்து மணி நேரம். எம்ஐடியின் சொந்த மென்பொருளான எம்ஐடி கெர்பரோஸில் இயல்பாக ஒரு நாள். ஒரு வேலை நாளுக்கு அது போதும். லினக்ஸில் லாகினைக் கவனித்துக்கொள்ளும் எஸ்எஸ்எஸ்டி என்ற பின்னணிச் சேவையை அமைத்திருந்தால் கேஇனிட்டைத் தட்டவே வேண்டாம். லாகின் செய்யும்போதே டிஜிடி வந்துவிடும், ஸ்கிரீன் லாக்கைத் திறக்கும்போது புதிதாக இன்னொன்று எடுத்துக்கொள்ளும். பத்துப் பேருக்கு மேல் இருக்கும் இடத்தில் ஒவ்வொருவருக்கும் கேஇனிட் கற்றுத்தருவதைவிட எஸ்எஸ்எஸ்டியை ஒழுங்காக அமைப்பது நல்லது என்பது என் எண்ணம். கேஇனிட் தெரிந்திருக்க வேண்டியது அந்த அமைப்பு சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்கும் ஆளுக்கு.

சிக்கல் எங்கே தொடங்கும் என்றால், இந்த வழியை ஆள் இல்லாத இடத்துக்கு இழுக்கும்போது. பாஸ்வேர்டை ஸ்கிரிப்டுக்குள் எழுதி, எக்கோ கட்டளை மூலம் பைப் போட்டு கேஇனிட்டுக்குள் தள்ளுவது பலர் செய்யும் காரியம். எம்ஐடியின் கேஇனிட் அதை ஏற்றுக்கொள்ளவும் செய்யும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். டெர்மினலில் தட்டினால் அது ஷெல் ஹிஸ்டரியில் தங்கும். ஸ்கிரிப்டில் எழுதினால் வெர்ஷன் கன்ட்ரோல், பேக்கப் என்று அந்த ஸ்கிரிப்ட் போகும் இடமெல்லாம் கூடவே போகும். அதைவிடப் பெரிய கேடு, பாஸ்வேர்ட் என்பது கெர்பரோஸுக்கு மட்டும் உரியதல்ல. அதே கணக்கு மெயிலையும் வெப் லாகினையும் திறந்துவிடும். ஸ்கிரிப்டுக்கு ரகசியம் ஒன்று வேண்டும் என்று ஆனபின், கெர்பரோஸுக்கு மட்டும் பயன்படும் ரகசியத்தையாவது கொடுக்க வேண்டும். அதற்குத்தான் கீடேப் இருக்கிறது.

கீடேப்புக்குப் போகும் முன் நடுவில் ஒரு நிலை உண்டு, அதைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள்: புதுப்பிக்கக்கூடிய டிக்கெட். கேஇனிட்டில் சின்ன ஆர் ஆப்ஷனோடு ஏழு நாள் என்று கேட்டால், பத்து மணி நேரம் செல்லும் டிக்கெட்டையே ஏழு நாள் வரை திரும்பத் திரும்பப் புதுப்பிக்கலாம். புதுப்பிக்கும் கட்டளைக்குப் பெரிய ஆர் ஆப்ஷன். அதற்குப் பாஸ்வேர்ட் தேவையில்லை. ஏழு நாளுக்கே நேரடியாக ஒரு டிக்கெட் கொடுத்துவிடலாமே என்று கேட்கலாம். பத்து மணி நேர டிக்கெட் திருடு போய், நடுவில் யாரும் அதைப் புதுப்பிக்காவிட்டால் அது செத்துவிடும். ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் கேடிசியிடம் வந்தாக வேண்டும் என்பதால் மறுக்கும் வாய்ப்பும் கேடிசிக்குக் கிடைக்கிறது.

இதில் இரண்டு இடத்தில் தடுக்கும். ஒன்று, உயிரோடு இருக்கும் டிக்கெட்டைத்தான் புதுப்பிக்க முடியும். பத்து மணி நேரம் முடிந்து ஒரு நிமிடம் கழித்துக் கேட்டாலும் காலாவதி என்று திருப்பி அனுப்பிவிடும், ஏழு நாளில் ஆறு நாள் மிச்சம் இருந்தாலும் சரி. மற்றது, நாம் ஏழு நாள் கேட்டால் கேடிசி ஏழு நாள் தந்துவிடும் என்பதில்லை. நம் பிரின்சிபலுக்கு, அதாவது கெர்பரோஸில் நம் கணக்குக்கு, உள்ள வரம்பு, டிஜிடிக்கான கேஆர்பிடிஜிடி பிரின்சிபலுக்கு உள்ள வரம்பு, கேடிசியின் பொது அமைப்பு எல்லாவற்றிலும் குறைந்ததே கிடைக்கும். எம்ஐடி கேடிசியில் புதுப்பிப்பு வரம்பு இயல்பாகவே பூஜ்யம். நம் பிரின்சிபலில் மட்டும் மாற்றிவிட்டு, கேஆர்பிடிஜிடியை மறந்துபோய், ஏன் வேலை செய்யவில்லை என்று தேடுவது வழக்கமான கதை. கேலிஸ்ட் காட்டும் பட்டியலில் எதுவரை புதுப்பிக்கலாம் என்ற வரியே இல்லையென்றால் அந்த டிக்கெட் புதுப்பிக்க முடியாதது. குறித்த நேரத்தில் கட்டளையைத் தானே ஓட்டும் கிரானில் புதுப்பிப்பை எழுத உட்காரும் முன் அதைப் பாருங்கள்.

யாராவது ஒருவர் வாரம் ஒருமுறையாவது வந்து பார்க்கும் நீண்ட வேலைகளுக்கு இது அருமையான வழி. டிஸ்கில் நீண்ட கால சாவி தங்காமலேயே பல நாள் ஓட்டலாம். ஆனால் கிரானில் கேஇனிட் புதுப்பிப்பைப் போடுவதைவிட கேரினியூ என்ற கருவியைப் பரிந்துரைப்பேன். ரஸ் ஆல்பெரி எழுதிய கேஸ்டார்ட் தொகுப்பில் இது வரும். ஓட்ட வேண்டிய கட்டளையை கேரினியூவுக்குள் கொடுத்தால், அது நம் டிக்கெட்டுகள் இருக்கும் சேமிப்பான கேச்சைத் தனியாக நகல் எடுத்து, அந்தக் கட்டளை ஓடும்வரை நகலைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். வேலை முடிந்ததும் நகலை அழித்துவிடும். இந்த நகல் என்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். எஸ்எஸ்ஹெச் வழியாக டிக்கெட்டை அனுப்பி உள்ளே நுழைந்திருந்தால், லாக் அவுட் செய்யும்போது அந்தக் கேச்சை அழிப்பதுதான் ஓபன்எஸ்எஸ்ஹெச்சின் இயல்பு. லாக் அவுட் செய்த பின்னும் வேலையை ஓடவிடும் டிமக்ஸில் விட்டுவந்த வேலை வீட்டுக்குப் போனதும் விழுவதற்கு இது பெரிய காரணம். கேரினியூ வைத்திருக்கும் நகலை அந்த அழிப்பு தொடாது.

சரி, கீடேப். பிரின்சிபலின் பெயரும் அதன் சாவிகளும் இருக்கும் கோப்பு இது. கேஇனிட்டில் கே ஆப்ஷனும் டி ஆப்ஷனும் கொடுத்து இந்தக் கோப்பைக் காட்டினால், பாஸ்வேர்ட் கேட்காமல் டிக்கெட் வரும். ஆளே எட்டிப்பார்க்காத சேவைகளுக்கு இதுதான் வழி. அதே சமயம் இதன் ஆபத்தைக் குறைத்துப் பேசக் கூடாது. கீடேப்புக்குள் சாவி மறையாக்கம் செய்யாமல் அப்படியே கிடக்கிறது. அதைப் படிக்க முடிந்த எவரும், சாவி மாறும்வரை, அந்தப் பிரின்சிபலாகவே நடக்கலாம். அதற்குக் காலாவதி கிடையாது. கோப்பின் அனுமதி 600 ஆக, அதாவது உரிமையாளர் மட்டும் படிக்கவும் எழுதவும் முடிவதாக, இருப்பது கட்டாயம். பேக்கப்பிலும் கன்டெய்னர் இமேஜிலும் அது கலந்துவிடாமல் இருப்பது அதைவிடக் கட்டாயம், ஏனென்றால் அங்கே 600 காப்பாற்றாது.

கீடேப் உருவாக்குவதில் கவனமாக இருக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. எம்ஐடியில் கேஅட்மின் என்ற நிர்வாகக் கருவிக்குள் கேடிஆட் என்று கொடுத்தால், அது இருக்கும் சாவியை எடுத்துக் கோப்பில் எழுதுவதில்லை. புதிய சாவி ஒன்றை உருவாக்கி எழுதுகிறது. பிரின்சிபலின் சாவி எண் ஒன்று கூடிவிடும், அதற்கு முன் எடுத்த கீடேப் எல்லாம் பயனற்றுப் போகும். மூன்று சர்வர்களில் ஒரே பிரின்சிபல் ஓடிக்கொண்டிருக்க, நான்காவதற்காகப் புதிதாக ஒரு கீடேப் எடுத்தால் முதல் மூன்றும் விழும். லினக்ஸுக்கான கணக்கு நிர்வாக அமைப்பான ஃப்ரீஐபிஏவின் கீடேப் கட்டளையும் இயல்பாக இதையே செய்யும். பழைய சாவியையே எடுத்துத் தர அதில் தனி ஆப்ஷன் இருக்கிறது, அதற்குத் தனி அனுமதியும் வேண்டும். இதற்கு நான் சொல்லும் தீர்வு, ஒவ்வொரு மெஷினுக்கும் தனிப் பிரின்சிபல். ஒன்று கசிந்தால் மற்றவற்றைத் தொடாமல் அதை மட்டும் மாற்றலாம்.

தங்கள் சொந்தக் கணக்குக்கே கேடியூடில் என்ற கருவியைக் கொண்டு கீடேப் செய்துகொள்பவர்களும் உண்டு. பாஸ்வேர்டைத் தட்டினால் அது சாவியைக் கணக்கிட்டு எழுதித் தரும். வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் பாஸ்வேர்டை மாற்றும் நாளில் அது சத்தமில்லாமல் செத்துவிடும். ஏஇஎஸ் சாவிகளைக் கணக்கிடும்போது பாஸ்வேர்டோடு சால்ட் என்ற ஒரு சரமும் சேர்கிறது. பெயரின் எழுத்துகள் பெரியதா சிறியதா என்பது மாறினாலும், கணக்கின் பெயரை இடையில் மாற்றியிருந்தாலும், நம் மெஷின் ஊகிக்கும் சால்ட்டும் ஆக்டிவ் டைரக்டரி வைத்திருக்கும் சால்ட்டும் ஒத்துப்போகாது. பாஸ்வேர்ட் சரியாக இருந்தும் முன்அங்கீகாரம் தோல்வி என்று வந்தால் இதைச் சந்தேகியுங்கள். இந்த அல்லலுக்குப் பதில் நிர்வாகியிடம் ஒரு சேவைக் கணக்கு கேட்பதே நல்லது. தேவைக்கு மேல் ஒரு அனுமதியும் இல்லாத கணக்காக அது இருக்கட்டும்.

இனி, கீடேப் கையில் இருக்கிறது. அதை வைத்து டிக்கெட்டை யார் எடுப்பது? இங்கேதான் பெரும்பாலோர் கிரானையும் கேஇனிட்டையும் இணைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புதிய டிக்கெட், அவ்வளவுதானே என்று. அதன் குறை, கேஇனிட் ஒவ்வொரு முறையும் கேச்சைப் புதிதாகத் தொடங்குவது. அதுவரை சேர்ந்திருந்த சேவை டிக்கெட்டுகள் போய்விடும். பழைய பதிப்புகளில், பழைய கேச் போய்ப் புதியது எழுதப்படும் அந்த நொடியில் இன்னொரு புரோக்ராம் வந்து படித்தால் டிக்கெட்டே இல்லை என்று விழும். மாதத்தில் ஒருநாள் எதற்கென்றே தெரியாமல் வரும் பிழைகள் இப்படிப்பட்டவை. கேடிசி அந்த நேரத்தில் எட்டாமல் போனால் அடுத்த முறை வரை காத்திருக்க வேண்டும். ஒரே பயனர் கணக்கில் இரண்டு கிரான் வேலைகள் இரண்டு பிரின்சிபல்களுக்கு டிக்கெட் எடுத்தால், இரண்டும் டெம்ப் கோப்பகத்தில் உள்ள அதே கேச் கோப்பில் எழுதி ஒன்றை ஒன்று அழிக்கும். கேஆர்பி5சிசிநேம் என்ற சூழல் மாறியில் ஒவ்வொன்றுக்கும் தனிக் கேச் கொடுத்தால் இந்தக் கடைசிக் குறை தீரும்.

இதைவிட நல்லவை இரண்டு இருக்கின்றன. கேரினியூவோடு பிறந்த கே5ஸ்டார்ட், கீடேப்பிலிருந்து டிக்கெட் எடுத்து, சேவையைத் தானே தொடங்கி, அதற்கென்று தனிக் கேச் வைத்து, அது ஓடும்வரை பார்த்துக்கொள்ளும். டிக்கெட்டில் இன்னும் போதுமான நேரம் இருந்தால் கேடிசியைத் தொந்தரவு செய்யாமல் விட்டுவிடவும் அதில் ஓர் ஆப்ஷன் உண்டு. எனக்கு இன்னும் பிடித்தது கிளையன்ட் கீடேப். 2012இல் வந்த எம்ஐடி 1.11 பதிப்பிலிருந்து இது இருக்கிறது. கேஆர்பி5_கிளையன்ட்_கேடிநேம் என்ற சூழல் மாறியில் கீடேப் இருக்கும் இடத்தைச் சொல்லிவிட்டால் போதும். டிக்கெட் தேவைப்படும்போது புரோக்ராம்கள் கெர்பரோஸைப் பயன்படுத்த உதவும் ஜிஎஸ்எஸ்ஏபிஐ நூலகமே அதை எடுத்துக்கொள்ளும், தீரும் முன்பே புதிதாக வாங்கியும் வைத்துக்கொள்ளும். கேஇனிட் இல்லை, கிரான் இல்லை, பின்னணியில் ஓடும் கூடுதல் புராசஸ் எதுவும் இல்லை. நம் பக்கத்தில் உடைவதற்கென்று இருக்கும் பாகங்கள் குறைகின்றன.

ஒரே நிபந்தனை, அந்தப் புரோக்ராம் எம்ஐடியின் ஜிஎஸ்எஸ்ஏபிஐ வழியாகப் பேச வேண்டும். ஜாவா அப்படிப் பேசாது. அதற்குத் தனக்கென்று ஒரு கெர்பரோஸ் அமைப்பு இருக்கிறது, கீடேப்பை அதன் சொந்த லாகின் அமைப்புக் கோப்பில் தனியாகக் காட்ட வேண்டும். கேச்சிலும் ஜாவாவோடு உரசல் வரும். லினக்ஸில் டிக்கெட்டைக் கோப்பில் வைக்கலாம், கர்னலின் சாவிச் சேமிப்பான கீரிங்கில் வைக்கலாம், எஸ்எஸ்எஸ்டி நடத்தும் கேசிஎம் என்ற கேச் சேவையிடம் கொடுக்கலாம். பிந்தைய இரண்டும் ஒரே பயனருக்குப் பல பிரின்சிபல்களை ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளும். கேஸ்விட்ச் கொண்டு மாற்றிக்கொள்ளலாம். ஆள் உட்காரும் மெஷினுக்கு அதுவே வசதி. ஜாவா கோப்பு வகையைத்தான் படிக்கும். கேலிஸ்ட் டிக்கெட்டைக் காட்டுகிறது, ஜாவா புரோக்ராம் இல்லை என்கிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது கேச் வகையை. கீரிங் கன்டெய்னர்களுக்கும் ஒத்துவராது. அது கன்டெய்னருக்கு ஒன்றாகப் பிரிவதில்லை. அங்கே கோப்பு, அல்லது கேசிஎம்.

ஸ்மார்ட் கார்டுக்கு வருவோம். பிகேஇனிட் என்ற இந்த வழி 2006இல் ஆர்எஃப்சி 4556 ஆக வந்தது. விண்டோஸின் ஸ்மார்ட் கார்டு லாகினும் இதே வழிதான். பாஸ்வேர்டுக்குப் பதில் ஒரு சான்றிதழும் அதற்கான தனிச் சாவியும். கேஇனிட்டில் பெரிய எக்ஸ் ஆப்ஷனில் கார்டையோ கோப்பையோ காட்டினால், பின் எண் கேட்டு டிக்கெட் எடுக்கும். தனிச் சாவி கார்டைவிட்டு வெளியே வராது. ஊகித்துப் பார்க்கப் பாஸ்வேர்டும் இல்லை. ஒரே கெர்பரோஸ் நிர்வாகத்தின் கீழ் வரும் எல்லையான ரியல்ம் முழுவதையும் கையில் வைத்திருக்கும் நிர்வாகிகளுக்கு இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பேன். விலை, அமைக்கும் வேலையில் இருக்கிறது: கேடிசிக்கே ஒரு சான்றிதழ் வேண்டும், ஒவ்வொரு கிளையன்டும் அதை நம்பும்படி செய்ய வேண்டும், சான்றிதழ்கள் தீரும் தேதிகளை யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கார்டுக்குப் பதில் சான்றிதழையும் சாவியையும் வெறும் கோப்பாக டிஸ்கில் வைத்தால், காலாவதி உள்ள கீடேப் ஒன்றைத்தான் உருவாக்கியிருக்கிறோம். அந்தக் காலாவதிக்காகவே அது சில இடங்களில் பயன்படும், ஆனால் கார்டு தரும் பாதுகாப்பு அதில் இல்லை. எப்படி எடுத்தாலும் வந்து சேர்வது அதே டிஜிடி என்பதும் நினைவில் இருக்கட்டும். கார்டு வைத்து எடுத்த டிக்கெட்டும் டெம்ப் கோப்பகத்தில் கிடந்தால், ரூட் அனுமதி உள்ளவர் அதை எடுத்துப் பயன்படுத்தலாம்.

ஓடிபி கேட்கும் அமைப்புகளில் கேஇனிட் வெறுமனே ஓடாது. முதலில் வேறொரு டிக்கெட்டால் பாதுகாப்பான உறை ஒன்று அமைய வேண்டும். அதற்குள்தான் ஓடிபி போகும். 'என்' என்ற சின்ன ஆங்கில எழுத்தை ஆப்ஷனாகக் கொடுத்துப் பெயரில்லாத டிக்கெட் ஒன்றைத் தனிக் கேச்சில் எடுத்து, பிறகு பெரிய டி ஆப்ஷனில் அந்தக் கேச்சைக் காட்டி நம் டிக்கெட்டை எடுக்க வேண்டும். எஸ்எஸ்எஸ்டி இருந்தால் மெஷினின் கீடேப்பைக் கொண்டு இதைத் தானே செய்துவிடும்.

மேக்கில் இருக்கும் கேஇனிட், எம்ஐடியுடையதல்லாத இன்னொரு கெர்பரோஸ் மென்பொருளான ஹெய்ம்டால் வகையைச் சேர்ந்தது. பெயர் ஒன்று, ஆப்ஷன்கள் பல இடங்களில் வேறு. எம்ஐடிக்கு எழுதிய ஸ்கிரிப்டை அப்படியே கொண்டுபோகாதீர்கள். விண்டோஸில் லாகினிலேயே டிக்கெட் வந்துவிடும், பார்க்க கேலிஸ்ட் உண்டு, கேஇனிட் கூடவே வருவதில்லை. ஜாவா டெவலப்மென்ட் கிட்டோடு வரும் கேஇனிட் தனிக் கோப்பில் டிக்கெட் எழுதும். விண்டோஸ் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

எந்த வழியானாலும் கடிகாரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகினால் கேடிசி இயல்பாக ஏற்காது. காரணம் புரியாத பிழைக்கு கேஆர்பி5_டிரேஸ் என்ற சூழல் மாறியை ஸ்டாண்டர்ட் எரருக்குத் திருப்பிவிட்டு கேஇனிட்டை ஓட்டுங்கள். எந்த கேடிசியைத் தேடியது, எந்த வகைச் சாவியைக் கேட்டது என்று ஒவ்வொரு அடியையும் காட்டும்.

திருட்டுப் போன பிறகு என்ன செய்வது என்பதையும் தேர்வு செய்யும்போதே எழுதி வையுங்கள், ஏனென்றால் ஒவ்வொரு வழிக்கும் அது வேறு. பாஸ்வேர்ட் போனால் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். கீடேப் போனால் கேடிஆட் கொண்டு சாவியை மாற்றிப் புதிய கோப்பை இடத்தில் வைக்க வேண்டும். கார்டு போனால் சான்றிதழை ரத்து செய்ய வேண்டும், கேடிசி அந்த ரத்துப் பட்டியலைப் பார்க்கும்படி அமைத்திருக்கவும் வேண்டும். இவற்றில் எதைச் செய்தாலும் ஏற்கெனவே வழங்கப்பட்ட சேவை டிக்கெட்டுகள் தங்கள் நேரம் முடியும்வரை செல்லும். சேவையிடம் காட்டும்போது அது கேடிசியைத் திரும்பக் கேட்பதில்லை. அதனால் கீடேப்பில் ஓடும் பிரின்சிபல்களுக்கு டிக்கெட் ஆயுளைக் குறைவாக வையுங்கள். ஒரு மணி நேரம் என்று வைத்தாலும் கிளையன்ட் கீடேப்புக்குச் சிரமம் எதுவும் இல்லை. அது தானே புதிதாக எடுத்துக்கொள்ளும். ஆள் தட்டும் கணக்குகளுக்கு ஒரு வேலை நாள் போதும். ஆக்டிவ் டைரக்டரியில் பாதுகாக்கப்பட்ட பயனர்கள் குழுவில் சேர்த்த கணக்குகளுக்கு அது நான்கு மணி நேரமாகக் குறைந்துவிடும், புதுப்பிக்கவும் முடியாது. அந்தக் குழுவில் இருக்கும் ஒருவர் கேரினியூவை நம்பி மூன்று நாள் வேலையை விட்டுப்போனால் நான்கு மணி நேரத்தில் அது நின்றுவிடும். அப்படிப்பட்ட வேலையைத் தொடக்கத்திலேயே ஒரு சேவைக் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும்.